பந்து நிற்காத கையுறைகள்

வெறுங்கையோடு நின்ற பிள்ளை பந்தைப் பிடித்துவிட்டாள். கையுறை போட்டுக்கொண்டு நின்ற பிள்ளை கோட்டைவிட்டான்.

வாமதேவன் கைபேசியில் வீடியோவை நிறுத்தி, பின்னுக்கு இழுத்து, மறுபடி ஓடவிட்டார். மறுபடியும் அதேதான். இலங்கையின் வன்னியில், அவருடைய சொந்த ஊரான வில்லுவெளி என்ற சின்னக் கிராமத்துப் பள்ளிக்கூடத் திடல். பேஸ்போல் பழகும் பிள்ளைகள் இரண்டு வரிசையாக நின்று பந்தெறிந்துகொண்டிருந்தார்கள். பேஸ்போல் கையுறை குளிருக்குப் போடுவதைப் போன்றதல்ல. தடித்த தோலில் தைத்த, கையைவிடப் பெரிய ஒரு கிண்ணம் என்று வைத்துக்கொள்ளலாம். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே தோல் வாரால் பின்னிய வலை ஒன்று இருக்கும். பந்தைப் பிடிப்பதற்கென்றே பிறந்த பொருள். அதைப் போட்டவனுக்குப் பந்து தெறித்து ஓடுகிறது. போடாதவளுக்குக் கைக்குள் வந்து உட்காருகிறது. குடை பிடித்தவன் தொப்பலாக நனைய, பிடிக்காதவன் காய்ந்தபடி வந்து சேர்வதைப் போலிருந்தது.

வாமதேவனின் தொழில் பொய்லர் திருத்துவது. லண்டனில் கோலியர்ஸ் வுட்டைச் சுற்றிச் சுடுதண்ணீர் நின்றுபோன வீடுகளுக்கெல்லாம் அவர்தான் போவார். பழுதான எதையும் கழற்றிப் பார்க்காமல் விடமாட்டார். இதை எந்த இடத்தில் கழற்றுவதென்று தெரியவில்லை. அளவு பிழையோ என்று பார்த்தார், சிறுவர் அளவுதான். கை மாறிப் போட்டார்களோ என்று பார்த்தார். வலக்கையால் எறிகிறவர்கள் சரியாக இடக்கையில்தான் போட்டிருந்தார்கள். பந்தும் நல்ல பந்து.

அந்தக் கையுறைகள் அவர் அனுப்பியவை. ஒவ்வொன்றின் மணிக்கட்டுப் பட்டியிலும் பொன்னெழுத்தில் ‘நிஷாந்தன் நினைவாக’ என்று பதித்திருந்தது. இறந்தவர்களின் பெயரில் ஊருக்கு ஏதாவது கொடுப்பது லண்டனில் இருக்கும் ஊர்க்காரர்களின் வழக்கம். சிலர் தண்ணீர்த் தொட்டி கட்டுவார்கள், சிலர் கதிரை மேசை கொடுப்பார்கள். நிஷாந்தன் வாமதேவனின் ஒரே மகன். லண்டனில் ஓர் இளைஞர் கழகத்தில் பேஸ்போல் விளையாடியவன். பதினேழு வயதில் இரத்தப் புற்றுநோய் அவனைக் கொண்டுபோய்விட்டது.

வில்லுவெளிக்கு பேஸ்போல் என்பது அவனுடைய யோசனைதான். நோய் பிடிபடுவதற்கு முந்திய கோடை விடுமுறையில் அங்கே போய் நின்றபோது சொன்னான். பள்ளிக்கூடத்தில் மேல் வகுப்புப் பிள்ளைகளே கொஞ்சப் பேர். கிரிக்கெட்டுக்குப் பதினொருவரைத் திரட்டுவதற்குள் மூச்சு வாங்கிவிடும். திரட்டினாலும் பட்டணத்துப் பள்ளிக்கூடங்கள் வந்து அடித்து நொறுக்கிவிட்டுப் போகும்.

“அப்பா, பேஸ்போலுக்கு ஒன்பது பேர் காணும். இஞ்ச வேற ஆக்களும் பெரிசா விளையாடயில்லை. இவையள் வெல்லுவினம்.”

இவர்கள் இன்னும் வெல்லவில்லை. மாகாணப் போட்டியில் முதல் ஆட்டத்திலேயே வெளியே வந்துவிட்டார்கள். அதனால்தான் அந்தச் சனிக்கிழமை காலையில் சற்குணத்தார் வாமதேவனுக்குத் தொலைபேசி எடுத்தார். லண்டனில் இருக்கும் வில்லுவெளி மக்கள் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். பயிற்சியும் போட்டிகளுக்குப் போகிற பஸ்சும் சங்கத்தின் தயவில்தான் நடந்தன.

“வாமு, வீடியோ பாத்தனான். அதுகள் பந்து பிடிக்குதுகளோ, கோழி பிடிக்குதுகளோ?”

“பழகிக்கொண்டு வருகினம் அண்ணை.”

“ஒரு வருசமாப் பழகுதுகள். இஞ்ச பார், நாளைக்குக் கூட்டத்தில ஒரு முடிவு எடுக்கவேணும். சனம் கேக்குது. பேசாமல் இந்தப் பேஸ்போலை நிப்பாட்டிப்போட்டு ரியூசன் வகுப்புக்கு மாத்துவம். நிஷாந்தன்ர பேர் அதிலயும் இருக்கும். அதுக்கு நான் பொறுப்பு.”

“பேர் இல்லை அண்ணை பிரச்சினை.”

“பின்ன என்ன பிரச்சினை?”

“அதுதான் எனக்கும் விளங்கயில்லை,” என்றார் வாமதேவன். சற்குணத்தார் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, நாளைக்குச் சந்திப்போம் என்று வைத்துவிட்டார்.

வில்லுவெளியில் அப்போது பின்னேரம். வாமதேவன் பள்ளிக்கூடத்தின் விளையாட்டு ஆசிரியை ராஜிக்கு எடுத்தார். பயிற்சி முடிந்து, எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு அவள் பள்ளிக்கூடத்திலிருந்து புறப்பட்டுக்கொண்டிருந்தாள்.

“ராஜி, கிளவுஸ் எல்லாம் எப்பிடிக் கிடக்குது? கிழிஞ்சு கிழிஞ்சு போச்சுதோ?”

“ஐயோ அண்ணை, என்ன கதை கதைக்கிறியள்!” அவளுக்கு ரோசம் வந்துவிட்டது. “நிண்டு கொள்ளுங்கோ, காட்டுறன்.”

கைபேசியைத் திருப்பிப் பிடித்தாள். அதிபரின் அறையில் ஒரு கண்ணாடி அலுமாரி. மேல் தட்டில் நிஷாந்தனின் படம், பிளாஸ்டிக் மாலையோடு. கீழ்த் தட்டுகளில் கையுறைகள் வரிசையாக இருந்தன. பொன்னெழுத்து பளிச்சென்று தெரிந்தது.

“சனிக்கிழமையில மட்டும் எடுப்பம். ஆருக்கு எது வருதோ அதைப் போடுவினம். முடிஞ்சதும் துடைச்சு, எண்ணிப் பூட்டிப்போடுவன். மற்ற நாளில பிள்ளையள் வெறுங்கையாலதான். உங்கட மகன்ர பேர் இருக்கிற சாமான், அதுகள் ஊத்தையாக்க விடுவனே?”

உறவில்லாத ஒருத்தி வாமதேவனின் பிள்ளையை இவ்வளவு மரியாதையாக வைத்திருக்கிறாள். நன்றி சொல்லிவிட்டு வைத்தார். வைத்த பிறகுதான் அந்த அலுமாரி மனதுக்குள் திரும்பத் திரும்ப வந்து நின்றது. ஒரு வருடம் பாவித்த பொருள் எப்படிப் பெட்டியிலிருந்து எடுத்த அன்றுபோல இருக்கிறது?

மாடியில் நிஷாந்தனின் அறை பூட்டியிருக்கவில்லை. ஆனால் யாரும் போவதில்லை. வாமதேவன் போய்க் கட்டிலுக்குக் கீழே இருந்த விளையாட்டுப் பையை இழுத்தார். சத்தம் கேட்டு மனைவி சிவனேஸ்வரி வாசலில் வந்து நின்றாள்.

“இஞ்சேருங்கோ, அதைத் தொடாதேங்கோ.”

“ஒருக்காப் பாக்கவேணும் ஈசுவரி.”

“அவன் வைச்சபடி கிடக்கட்டும்.”

அவர் கெஞ்சுவதுபோல் அவளைப் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். போகச் சொல்லவில்லை. அவர் பையின் சிப்பைத் திறந்தார்.

மகனின் கையுறை கறுத்து, மெழுகு தேய்த்ததுபோல் மினுங்கிக் கிடந்தது. கையை நுழைத்தார். உள்ளே ஒவ்வொரு விரலுக்கும் ஒரு பள்ளம் இருந்தது. அவை நிஷாந்தனின் விரல்கள் பதிந்த பள்ளங்கள். பிறகு விரல்களை இலேசாக மடக்கினார். கையுறை தானாக மூடிக்கொண்டது, கதவு தன் கீலில் திரும்புவதுபோல.

“ஈசுவரி, பைக்குள்ள கிடக்கிற பந்தை எடுத்து எறியும்.”

“என்ன விசரே உங்களுக்கு?”

“எறியுமன்.”

அவள் அரைமனதோடு எறிந்தாள். பந்து வலைக்குள் விழுந்து நின்றது. அவர் ஒன்றும் செய்யவில்லை. பந்தின் பாரமே கையுறையை மூடிவிட்டது.

ஊருக்கு அனுப்பியதில் மாதிரிக்கென்று வைத்திருந்த புதுக் கையுறை ஒன்று வீட்டில் இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு மறுபடி எறியச் சொன்னார். பந்து உள்ளங்கையில் மொத்தென்று மோதித் தெறித்து, படிக்கட்டில் உருண்டு கீழே ஹோல்வரைக்கும் போனது. மடக்கிப் பார்த்தார். பலகையை மடக்குவதுபோலிருந்தது.

அவருக்குக் காரணம் தெரிந்துவிட்டது. கையுறை பந்தைப் பிடிப்பது தடிப்பினால் அல்ல, மடிப்பினால். அடியில் ஒரு மடிப்பு விழவேண்டும், நடுவில் பந்தளவுக்கு ஒரு குழி விழவேண்டும். இரண்டும் கடையில் வராது. ஒரே கை நாள்தோறும் மடக்கி மடக்கித்தான் வரும். இன்றைக்கு ஒரு பிள்ளை, அடுத்த கிழமை இன்னொரு பிள்ளை என்று கை மாறினால், மடிப்பு ஓரிடத்திலும் நிலைக்காது. மிச்ச நாளெல்லாம் கண்ணாடிக்குள் கிடந்தால் தோல் இன்னும் விறைக்கும். எத்தனை வீடுகளில் பார்த்திருக்கிறார்! வருடக்கணக்காகத் திருகாத வால்வு அப்பழுக்கில்லாமல் புதிதுபோல இருக்கும். தேவைப்படும் நேரத்தில் திருகினால் அசையாது.

வெறுங்கையில் பிடித்த அந்தப் பிள்ளைக்குக் கை மடங்கியது. கையுறை போட்டவனுக்கு மடங்கவில்லை. புதிர் அவ்வளவுதான்.

“விளங்கிட்டுது,” என்றார். ஆனால் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. “ஊரில கிளவுஸுகளை அலுமாரிக்குள்ள பூட்டி வைச்சிருக்கினம். பிள்ளையளிட்டக் குடுக்கவேணும் ஈசுவரி. வீட்டை கொண்டுபோகவேணும். மழை, மண், வேர்வை எல்லாம் படவேணும். அப்ப அவன்ர பேர் ஒரு மாசத்தில அழிஞ்சுபோம்.”

சிவனேஸ்வரி கட்டில் நுனியில் உட்கார்ந்தாள். மகனின் கையுறையை எடுத்து மடியில் வைத்துத் திருப்பினாள். பட்டியின் உட்பக்கம் கறுப்புப் பேனையால் கோணலாக ஏதோ எழுதியிருந்தது.

“இதில ஆற்ற பேர் எழுதிக் கிடக்குது?”

“தன்ர பேரைத்தான் எழுதி வைச்சிருக்கிறான்.”

“அப்ப அதுகளும் தங்கட தங்கட பேரை எழுதட்டும்.” அவள் கையுறையை அவர் பக்கம் நீட்டினாள். “அலுமாரிக்குள்ளயும் பைக்குள்ளயும் வைச்சு நாங்கள் கும்பிட்டது காணும்.”

பிறகு அவள் எழுந்து யன்னலைத் திறந்துவிட்டாள்.

மறுநாள் லண்டனின் ரெய்னர்ஸ் லேனில் சங்கக் கூட்டம். வாமதேவன் கையுறைகள் இரண்டையும் கொண்டுபோய் மேசையில் வைத்தார். பேச்சு அவருக்கு வராது. அதனால் சற்குணத்தாரின் கையிலேயே புதுக் கையுறையை மாட்டி, பந்தை எறிந்தார். தலைவர் பிடிக்கப்போன பந்து தேநீர்த் தட்டுக்குள் விழுந்தது. மண்டபம் சிரித்தது.

“இப்ப ஆர் அண்ணை கோழி பிடிக்கிறது?” என்று, தலைவர் எல்லோரிடமும் சொல்லியிருந்த பகிடியைப் பின்வரிசையிலிருந்து யாரோ திருப்பிக் கேட்டார்கள்.

சற்குணத்தாரும் சிரித்தார். கையுறைகளைப் பிள்ளைகளிடமே கொடுத்துப் பழக்கிப் பார்ப்போம் என்று வாமதேவன் கேட்டார். தலைவர் விடவில்லை. “சரி, ஒரு பள்ளிக்கூடத் தவணை தாறம். தவணை முடியப் பந்து நிக்கயில்லையெண்டால் நீயே வந்து நிப்பாட்டச் சொல்லவேணும். ஓமோ?”

“ஓம்.”

ராஜி இலகுவில் சம்மதிக்கவில்லை. படத்துக்குக் கீழே தட்டு வெறுமையாகக் கிடந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று கேட்டாள். பிள்ளையின் பெயரை அழிக்க எப்படி மனம் வரும் என்று அழுதாள். தகப்பன் நானே கேட்கிறேன் என்று வாமதேவன் சொன்ன பிறகுதான் அலுமாரிப் பூட்டின் திறப்பை எடுத்தாள்.

தவணை முடிவில் புது வீடியோ வந்தது. கையுறைகள் நிறம் மாறிவிட்டன. சிலவற்றில் வார் அறுந்து நைலோன் கயிற்றால் கட்டியிருந்தது. பொன்னெழுத்தை எங்கும் காணவில்லை. வாமதேவன் அதைத் தேடினார். தேடியதும் கொஞ்சம் வலித்தது. பிறகு பந்தைப் பார்த்தார். அது ஒரு கையிலிருந்து கிளம்பி எதிரே இருந்த கையுறைக்குள் போய் நின்றது. அங்கிருந்து கிளம்பி அடுத்ததில் நின்றது. அன்று தவறவிட்ட பையன், இடுப்புக்குக் கீழே வந்த பந்தைக் குனிந்து அள்ளி, நிமிர்வதற்குள் எறிந்துவிட்டான்.

சற்குணத்தார் அன்று மாலையே எடுத்தார். “வாமு, பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடக்காரரும் ஒரு ரீம் துவங்கப்போகினமாம். கேட்டு எழுதியிருக்கினம். அவைக்கு என்ன சொல்லுறது? என்ன செய்தனி எண்டு சுருக்கமாச் சொல்லு பாப்பம்.”

“ஒரு பிள்ளைக்கு ஒரு கிளவுஸ். அது அந்தப் பிள்ளையின்ர, அதின்ர பேர்தான் அதில. பள்ளிக்கூடத்தில வைக்கக் கூடாது, வீட்டை போகவேணும். ஒவ்வொரு நாளும் அக்கம்பக்கத்தில ஒரு ஆளோட எறிஞ்சு பிடிக்கவேணும். இரவில உள்ளுக்குப் பந்தை வைச்சு, மூடிக் கட்டிவிடவேணும். ஒரு தவணையில தோல் மடியும், பந்து நிக்கும். அவ்வளவுதான் அண்ணை.”