சாயம் ஏறாத இடம்

அவள் ஈரப்பஞ்சால் கணவன் உதட்டை நனைத்துக்கொண்டிருந்தபோது நாத்தனார் அவள் தோளில் கை வைத்தாள்.

"அண்ணி, டாக்டரும் கையை விரிச்சுட்டார். மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அண்ணன் அதுக்குத்தான் உயிரைப் பிடிச்சிட்டிருக்கார்."

அவள் பஞ்சைக் கிண்ணத்தில் போட்டாள். வேறொருத்தியோடு குடித்தனம் நடத்தப் போன கணவன், நோய் வந்ததும் போன வருடம் திரும்பி வந்தான். அவள் கதவைத் திறந்தாள், மாத்திரை கொடுத்தாள், முதுகு துடைத்துவிட்டாள். பழையபடி சேர்ந்துவிட்டார்கள் என்று உறவுக்காரர்கள் வாய் நிறையச் சொன்னார்கள். சொல்கிறவர்களுக்கு வாயா வலிக்கப் போகிறது.

அவளுக்கு மர ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. வறட்சியில் மரத்துக்குள் தண்ணீர் ஏறும் நுண்குழாய்களில் காற்று புகுந்து அடைத்துக்கொள்ளும். பிறகு தண்ணீர் கிடைத்தால் மரம் எப்படித் தேறுகிறது என்று பார்க்க வேண்டும். நடமாட முடிந்த நாட்களில், வீட்டில் பொழுது போகாமல் அவனும் கூடவே வந்து நிழலில் உட்கார்ந்திருப்பான். சோதனைக்காகக் காயப்போட்டிருந்த தொட்டி மரம் ஒன்றைப் பார்த்து மனசு கேட்காமல், தினமும் யாருக்கும் தெரியாமல் தண்ணீர் ஊற்றிவிட்டான். ஒரு பருவத்து உழைப்பு பாழ்.

"பாரு, துளிர் விட்டுடுச்சு. பழையபடி ஆயிடுச்சுல்ல?" முகமெல்லாம் பல்.

அவளுக்கு எரிச்சல் தலைக்கேறியது. அதன் ஒரு கிளையை வளைத்து, வெட்டுவாயில் காற்று புகாதபடி வாளித் தண்ணீருக்குள் வைத்தே வெட்டி, சிவப்புச் சாயத்தில் நிறுத்தினாள். சாயம் ஏறியதும் குறுக்கே நறுக்கி அவன் உள்ளங்கையில் வைத்தாள். பட்டைக்கு அடியில் மெல்லிய சிவப்பு வளையம், உள்ளே முழுக்க வெள்ளை.

"இந்த வெள்ளை?" என்று கேட்டான்.

"அடைச்சது அடைச்சதுதான். இந்த மரத்துல அது மறுபடி திறக்காது."

"அப்ப இந்தச் செவப்பு?"

"புதுசா வளர்ந்தது. இப்ப தண்ணி ஏறுறது அதுலதான்."

"அது போதுமா?"

"வளர்ந்துக்கிட்டே இருந்தா போதும். நாளாகும்."

பழையபடி என்ற பேச்சை அதற்குப்பின் அவன் எடுக்கவே இல்லை. காலையில் அவளுக்கு முன்னால் எழுந்து டீ போட ஆரம்பித்தான். வாயில் வைக்க முடியாது. அவள் குடித்துவைத்தாள். ஒருநாள் சர்க்கரை சரியாக இருந்தது. அடுத்த வாரம் படுக்கையில் விழுந்துவிட்டான்.

"சொல்லுங்க அண்ணி."

அவன் காதருகே குனிந்தாள். மன்னிக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். அவனுக்கும் தெரிந்திருக்கும். பொய் வாய்க்கு வரவில்லை.

"இன்னும் கொஞ்ச நாள் இருங்க" என்றாள்.

ஒரு மூச்சு இழுத்தது. அடுத்தது வரவில்லை.

நாத்தனார் அழுதுகொண்டே ஃபோனில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "அண்ணி மன்னிச்சுட்டாங்க. அண்ணன் நிம்மதியாப் போயிட்டார்."

அவள் மறுக்கவில்லை. அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. வந்ததுதான் வந்தான், கொஞ்சம் முன்னால் வந்து தொலைத்திருக்கக் கூடாதா.

போர்வைக்கு வெளியே நீட்டியிருந்த அவன் பாதத்தை உள்ளே தள்ளினாள். இன்னும் சூடு இருந்தது. கையை எடுக்காமல் நின்றாள்.