மேற்கு வாசலில் இறங்கும் முழங்கால்கள்

ஆண்டவர் செய்த நன்மையைச் சபைக்கு முன்னால் சாட்சி சொல்ல என் பெயரைக் கூப்பிட்டால் நான் எழுந்து மைக் வரைக்கும் போவேன். போய் நின்றதும் என் முழங்கால்கள் இரண்டும் கழன்று இறங்கி, மேற்கு வாசல் வழியாக வெளியே போய்விடும். சைக்கிள்கள் நிற்கிற இடத்துக்குப் பக்கத்து மதில்மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். நாலு வருஷத்தில் பதினொரு தடவை இப்படி ஆகிவிட்டது.

நேசபுரம் சபையார் இதற்குப் பழகிவிட்டார்கள். முழங்கால்கள் வருவதைப் பார்த்ததும் கடைசி பெஞ்சுக்காரர்கள் காலை ஒதுக்கி வழிவிடுவார்கள். ஆராதனை நடத்துகிற பாதிரியார் ஐயர் அறிவிப்புகளை வாசிக்க ஆரம்பிப்பார். மணி அடித்துப் பாய் விரிக்கிற கோயில்குட்டியார் தவமணி வெளியே போய், இரண்டையும் தோள்துண்டில் ஏந்திக்கொண்டு வந்து மாட்டிவிடுவார். நான் "எல்லாருக்கும் ஸ்தோத்திரம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவேன். ஒரு தடவை இடதையும் வலதையும் மாற்றி மாட்டிவிட்டார். அந்த வாரம் முழுக்க நான் மாடிப்படி ஏறினால் கீழேதான் போய்ச் சேர்ந்தேன்.

இத்தனைக்கும் நான் வாயில்லாப் பூச்சி இல்லை. முப்பத்தோரு வருஷம் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். ஓய்வு பெற்ற அன்று டிப்போவில் மாலை போட்டார்கள். அங்கே முக்கால் மணி நேரம் பேசினேன், டிரைவர்தான் மைக்கைப் பிடுங்கினார். ஆண்டவரைப் பற்றி நாலு வார்த்தை என்றால் மட்டும் முழங்கால் தங்காது. மற்றவர்கள் சாட்சியில் குடி இருக்கும், பாம்புக்கடி இருக்கும், கிணற்றில் விழுந்து பிழைத்தது இருக்கும். நான் கிணற்றை எட்டிக்கூடப் பார்க்காதவன்.

ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். என் மனைவி சொர்ணபாயின் கால்கள் மூன்று வருஷம் மடங்காமல் இருந்தன. மறுபடி முழங்கால் போட்டு ஜெபிக்க முடிந்தால் என் வீட்டுக்காரர் சபையில் சாட்சி சொல்வார் என்று அவள் ஆண்டவரிடம் நேர்ந்துகொண்டு பொருத்தனை பண்ணினாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் கால் மடங்கிவிட்டது, பொருத்தனை மட்டும் அப்படியே கிடந்தது. போன மாதத்திலிருந்து கால் திரும்பவும் இறுகிக்கொண்டு வருகிறது.

சனிக்கிழமை சாயங்காலம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபடி சொன்னாள்.

"நாளைக்காவது சொல்லிருங்க. உங்க முட்டு போனா போய்ட்டுப் போவுது. திரும்பவும் நின்னுக்கிட்டே ஜெபம் பண்ணணும்னு நெனச்சாலே எனக்குப் பயமா இருக்கு."

அவளுக்குக் காலை நினைத்துப் பயம். எனக்கு மைக்கை நினைத்துப் பயம். இரண்டில் எது நியாயமானது என்று எனக்கே தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை பெயரைக் கூப்பிட்டார்கள். போனேன், முழங்கால்களும் போயின. ஐயர் அறிவிப்புகளை எல்லாம் வாசித்து முடித்துவிட்டார். தவமணி வெறும் துண்டோடு திரும்பி வந்து என் காதருகே சொன்னார்.

"அண்ணாச்சி, இன்னைக்கு ரெண்டும் வரமாட்டேங்கு. கூப்டா மூஞ்சியத் திருப்பிக்கிடுது."

முழங்கால் இல்லாதவனால் நடக்க முடியாது, உட்காரவும் முடியாது. நிற்க மட்டும் முடியும். ஐயர் மேஜைமேல் கைகளைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். பெண்கள் பக்கத்தில் சொர்ணபாய் மட்டும் நீட்டிய கால்களோடு பெஞ்சு நுனியில் இருந்தாள். முன்வரிசைகள் எப்போதும்போலக் காலியாகக் கிடந்தன. ஆண்கள் வழக்கம்போல வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். அதைப் பார்த்ததும் என் வாய் தானாகத் திறந்தது.

"உள்ள போ, உள்ள போ. முன்னால எவ்வளவு இடம் கெடக்கு? படியில நிக்காதே."

மைக்கில் நன்றாகக் கேட்டது. சபையார் எழுந்து முன்னால் வந்து நெருங்கி உட்கார்ந்தார்கள். இருபது வருஷமாக வேப்பமரத்தடியிலேயே ஆராதனையை முடித்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் உள்ளே வந்துவிட்டார்கள். அதன்பிறகு பேசுவது சுலபமாக இருந்தது. கோயிலைப் பஸ் என்று வைத்துக்கொண்டேன்.

ஸ்டாப் ஸ்டாப்பாகச் சொன்னேன். அவள் கால் மடங்காமல் போன இடத்தில் ஆரம்பித்தேன். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்று ஜெபிப்பாள். "நீங்க எனக்குப் பதிலா முழங்கால் போடுங்க" என்பாள். நான் தினமும் முதல் ட்ரிப்புக்கு முன்னால் அவள் காலடியில் முழங்கால் போடுவேன். ஜெபம் அவளுடையது, முழங்கால் மட்டும் என்னுடையது. ஆமென் வருவதற்குள் நான் மனதுக்குள் மூன்று ஸ்டாப் தாண்டியிருப்பேன்.

ஒருநாள் ரயில்வே கேட்டில் பஸ் நின்றது. கூட்ஸ் வண்டி போய்க்கொண்டே இருந்தது. டிக்கெட் மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு, யாரும் கேட்காமலே, "அவளுக்கு இதுக்குமேல முடியல ஆண்டவரே" என்று சொல்லிவிட்டேன். என் வாயிலிருந்து வந்த முதல் சொந்த ஜெபம் அதுதான். சொன்னதும், இதை யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்றால் சொல்லத் தெரியாது. ஏறிய ஆளைத் திரும்பிப் பார்க்காமலே கண்டக்டருக்குத் தெரியும், அப்படித் தெரிந்தது. இரண்டு மாதம் கழித்து அவள் கால் மடங்கியது. எண்ணெயாலா, ஊசியாலா, எனக்குத் தெரியாது. ஆனால் கேட் திறந்து பஸ் கிளம்பியபோது நான் தனியாகப் போகவில்லை.

"இவ்வளவுதான் என் சாட்சி. இதுல பாம்பு கெடையாது" என்றேன்.

சொர்ணபாய் பெஞ்சை விட்டு இறங்கினாள். ஒரு காலை மடக்கினாள், பிறகு மற்றதை மடக்கினாள். முழங்காலில் நின்று முகத்தை மூடிக்கொண்டாள். ஆமென் என்று முடிக்க நினைத்தேன், பழக்கதோஷத்தில் "போலாம், ரைட்" என்று வந்துவிட்டது.

கோயில் மெதுவாகக் கிளம்பியது. ஐயர் மேஜையைப் பிடித்துக்கொண்டு, "பிரசங்கத்தைப் போகிற வழியில் வைத்துக்கொள்வோம்" என்றார். வேப்பமரம் ஜன்னல்களில் பின்னால் நகர்ந்தது. மதில்மேல் இருந்த என் முழங்கால்கள் அவசரமாகக் குதித்து ஓடி வந்தன. தவமணி மேற்கு வாசலில் நின்று துண்டை நீட்டினார், இரண்டும் அதைப் பிடித்துத் தொற்றி ஏறிக்கொண்டன. இடம் கிடைக்காமல் கடைசிவரை நின்றுகொண்டே வந்தன.

ஓடைக்கரைக்குப் பாதை பிரிகிற விலக்கில் நாலு பேர் கை காட்டினார்கள். நான் மைக்கில் ஒரு விசில் கொடுத்தேன்.