எல்லாப் பக்கத்திலும் மொரீன்

டெரிக் இறந்தது வசந்தத்தில். அவர் படம் வரைந்து எழுதிய, இங்கிலாந்தின் லிங்கன் நகர வரலாறு இலை உதிரத் தொடங்கியபோதுதான் அச்சாகி வந்தது.

தேவாலயக் கூடத்தில் வெளியீடு. ஒயினும் கையுமாக எல்லோரும் பக்கம் புரட்டித் தெரிந்த முகங்களைத் தேடினார்கள். எந்த நூற்றாண்டை வரைந்தாலும் ஊர்க்காரர்களை எதிரில் உட்காரவைத்துத்தான் டெரிக் முகம் வரைவார். ஆள் உட்காராமல் ஒரு முகமும் வரையமாட்டார். தபால்காரர் ரோமப் படைவீரராகியிருந்தார். மீன்கடைக்காரர் பிஷப்.

டெரிக்கின் மனைவி ஆட்ரி தன் முகத்தைத் தேடினாள். கிடைத்ததெல்லாம் தேநீர்க்கடை மொரீன்தான். ரோம வளைவருகே ரொட்டி விற்றாள், கம்பளிச் சந்தையில் பேரம் பேசினாள், முதல் உலகப் போர்க்கால ஆலையில் பீரங்கி டாங்கிக்கு ஆணி அறைந்தாள்.

"ரெண்டாயிரம் வருஷமா இதே ஊர்ல இருக்கியே மொரீன், வாடகை ஏறவே இல்லையா?" என்றார் தபால்காரர். கூடமே சிரித்தது. ஆட்ரியும் சிரித்துவைத்தாள்.

வீட்டில் ஒரு படம் முடியாமல் கிடந்தது. இன்றைய செங்குத்துத் தெரு. மழையில் பையுடன் ஏறும் ஒரு பெண். சாம்பல் நிற மழைக்கோட்டு வரைக்கும் தீட்டியாகிவிட்டது. முகம் மட்டும் வெறும் காகிதம். அதை வேறொரு ஓவியரை வைத்து முடித்து அடுத்த பதிப்பில் சேர்க்கலாமா என்று பதிப்பாளர் கேட்டிருந்தார்.

மறுநாள் ஆட்ரி படத்தை எடுத்துக்கொண்டு அந்தத் தெருவின் நடுவில் இருந்த மொரீனின் கடைக்குப் போனாள்.

"இதுவும் நீதானே?"

மொரீன் பிளம் ரொட்டியை வெட்டுவதை நிறுத்தினாள். "நானா? அது நீ, கண்ணு. இந்தச் சன்னல்ல உக்காந்துதான் வரைஞ்சாரு. 'கூப்பிட்டா உக்கார மாட்டேங்கறா, உனக்குத்தான் மொரீன் இருக்காளேங்கறா'ன்னு ஒரே புலம்பல். நீ வரலன்னுதான் ஒவ்வொரு தடவையும் என்னை உக்கார வெச்சாரு."

ஆட்ரி அப்படிச் சொன்னதுண்டு. பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், ஒருமுறையல்ல.

"உக்காந்தப்ப உங்கிட்ட என்ன பேசுவார்?"

"பேசறதா? வாயைத் தொறந்தா முகவாய் ஆடுதுன்னு திட்டுவாரு. உத்து உத்துப் பாத்துக்கிட்டே இருப்பாரு, அவ்வளவுதான்."

அந்த 'அவ்வளவுதான்' ஆட்ரியைச் சுட்டது.

"முகத்தை யாரும் வரைய வேணாம்னு சொல்லிடப் போறேன்."

"வெறுமையாவே விட்டுடறதா?"

"வெறுமையாவே."

"அப்ப இங்க மாட்டட்டுமா, கண்ணு? வர்றவங்க எல்லாரும் பாப்பாங்க."

"நீதான் எல்லாப் பக்கத்துலயும் இருக்கியே, மொரீன். இது எனக்கு இருக்கட்டும்."

படத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள். மழை பிடித்துவிட்டது. தன் சாம்பல் கோட்டின் தொப்பியை இழுத்துவிட்டு மேட்டில் ஏறினாள். மொரீன் சன்னலுக்கு வந்திருப்பாள் என்று தெரியும். அங்கிருந்து பார்த்தால் கோட்டு மட்டும்தான் தெரியும். ஆட்ரி திரும்பவில்லை.