நேசமலர் வரும் பதினொரு துண்டுகள்

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்பதில் எனக்கே ஐயம் உண்டு. கொம்பியூட்டர் திருத்தப் போன றிபாஸ் ஒரு விதமாகச் சொன்னான். வீரகத்தியர் பாதியைச் சொல்லிவிட்டு, மீதிக்கு முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீடியோத் துண்டுகள் பதினொன்றா பன்னிரண்டா என்பதிலும் இருவர் கதையும் ஒத்துவரவில்லை. பதினொன்று என்றே வைத்துக்கொள்வோம்.

ஒட்டுசுட்டானில், காட்டோரத்து வளவில் வீரகத்தி தனியாக இருந்தார். மனைவி நேசமலர் போரின் கடைசி இடப்பெயர்வின்போது செத்துப்போனாள். பிள்ளைகள் இல்லை. அவளுடைய படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அல்பங்கள் வழியில் எங்கோ ஒரு பதுங்குகுழிப் பங்கருக்குள் கிடந்து போயின. பத்து வருடம் கழித்து ஒருநாள் உலை வைத்துக்கொண்டிருக்கும்போது, அவளுடைய மூக்கு எப்படி இருந்தது என்று யோசித்துப் பார்த்தார். வரவில்லை. அன்றைக்கு அவர் சோறு வடிக்க மறந்துபோனார்.

அதன் பிறகுதான் கசெற்றுகளின் நினைப்பு வந்தது. சமாதான காலத்தில் ஊரில் ஒரு கலியாணமோ சாமத்திய வீடோ நடந்தால் வீடியோ எடுத்து, ஒரு கசெற்றை வெளிநாட்டுச் சொந்தத்துக்கு அனுப்பிவிடுவார்கள். இங்கே இருந்தவை அழிந்தன. அங்கே போனவை யாரோ ஒருவருடைய அலுமாரிக்குள் கிடக்கத்தானே வேண்டும். ஜேர்மனியில் இருக்கும் அண்ணன் மகள் சாரங்காவிடம் கேட்டார். அவள் ஆறேழு வீடுகளுக்குத் தொலைபேசி எடுத்து, கசெற்றுகளை இரவலாக வாங்கிக் கொம்பியூட்டருக்கு மாற்றி அனுப்பிவைத்தாள்.

ஒவ்வொன்றும் மூன்று மணித்தியாலம். வீரகத்தி எல்லாவற்றையும் தொடக்கம் முதல் கடைசி வரை பார்த்தார். நேசமலர் மேடைக்கு ஏறுகிற ஆள் இல்லை. பந்தியில் கறிவாளியோடு குனிந்துகொண்டிருப்பாள். யாரோ ஒருவருடைய குழந்தையைத் தூக்கிக்கொண்டு கதவு நிலையைக் கடப்பாள். அந்த இடங்களை மட்டும் வெட்டி எடுத்தார். கொம்பியூட்டரில் இடம் போதாததால் மீதியை அழித்தார். பதினொரு துண்டுகள். எல்லாம் சேர்த்தாலும் நான்கு நிமிடம் வராது.

முந்தி ஒரு விடுமுறைக்கு வந்தபோதுதான் சாரங்கா அந்தக் கொம்பியூட்டரை வாங்கிக் கொடுத்திருந்தாள். கூடவே சின்னதாக ஒரு வெளி டிஸ்க். "இதை எப்பவும் கொழுவி வையுங்கோ சித்தப்பா. ஒவ்வொரு நாளும் ராத்திரி ஏழு மணிக்கு உள்ளுக்க இருக்கிறதையெல்லாம் அது தானாக் கொப்பி எடுக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இப்போது கொம்பியூட்டர் தவழத் தொடங்கியிருந்தது. உள்ளே பல்லி சொல்வதுபோல் ஒரு டிக் சத்தம். காலையில் திறந்தால் ஆங்கிலத்தில் ஒரு செய்தி வரும். அவர் அதை விளம்பரம் என்று நினைத்து மூடிவிடுவார். ஒருநாள் அதைப் படமெடுத்துச் சாரங்காவுக்கு அனுப்பினார். பேக்கப் நடக்கவில்லை என்று அதில் எழுதியிருப்பதாகவும், கடைசியாக நடந்தது இரண்டு வருடத்துக்கு முதல், தான் வந்து நின்றபோது என்றும் பதில் வந்தது. அப்போது ஒரு துண்டுகூட இருக்கவில்லை.

வயரை மாற்றிப் பார்த்தார். கொழுவும் இடத்தைப் பஞ்சால் துடைத்தார். வேறு ஓட்டையில் செருகினார். அடுத்த காலையும் அதே செய்தி. ஐந்தாம் நாள் முல்லைத்தீவுக் கடை ஒன்றுக்குத் தொலைபேசி எடுத்தார். அங்கே வேலை செய்த றிபாஸ் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தான். அந்த வீட்டுக்குள் வேறொருவர் வந்து இருந்து எவ்வளவோ காலம். மற்றக் கதிரையில் கிடந்த உடுப்புகளை அள்ளிவிட்டுத்தான் அவனை இருக்கச் சொல்ல முடிந்தது.

றிபாஸ் வெகுநேரம் திரையைப் பார்த்தான்.

"இந்தச் சின்ன டிஸ்க்கில பிழை இல்ல, ஐயா. வயரும் நல்லம். ஏழு மணிக்கு என்ன செய்வீங்க?"

"கொம்பியூட்டர் ஓடிக்கொண்டுதான் இருக்கும். நான் நிப்பாட்டிறேல்ல."

"இந்தச் சின்னன்?"

"அதை அஞ்சு மணிக்கே கழட்டிப் போடுவன்."

"கழட்டி?"

வீரகத்தி கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய பையைக் காட்டினார். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், நேசமலரின் மரணச் சான்றிதழ். எல்லாம் பொலித்தீனில் சுற்றியபடி.

"முக்கியமான சாமான் எண்டு பிள்ளை சொன்னது. அதுதான் இருட்ட முன்னம் பைக்குள்ள வைச்சிடுவன். விடியத் திரும்பக் கொழுவுவன்."

றிபாஸ் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை என்று கண்டு நிறுத்தினான்.

"எங்கட வாப்பாவும் இப்பிடித்தான். இடம்பெயர்ந்து இருந்த புத்தளத்தால திரும்பி வந்து பத்து வருசம். உம்மா ஃபிரிட்ஜின்ர வொறண்டி அட்டையைத் தேடினா அதுவும் பைக்குள்ள. இனி ஓடினா ஃபிரிட்ஜையும் தூக்கிக்கொண்டா ஓடப்போறீங்க எண்டு கேட்டா, முறைப்பார்."

வீரகத்தியின் வாயோரம் கொஞ்சம் அசைந்தது. பிறகு இல்லை.

உள்ளே மறுபடி அந்தச் சத்தம். றிபாஸ் குனிந்து காது கொடுத்தான்.

"ஐயா, உள்ளுக்க இருக்கிற டிஸ்க் சாகப்போகுது. எந்த நேரமும் நிக்கும். ஒவ்வொண்டாத்தான் இழுக்கலாம். எதை முதல் எடுக்க?"

வெளியே பேருந்து ஒன்று வந்து நின்று, இறக்கிவிட்டுப் போனது. றிபாஸ் காத்திருந்தான், அவசரப்படுத்தக்கூடாது என்று அவனுக்கு எப்படியோ பட்டது.

"ஏழாவதை எடும்."

றிபாஸ் அதைக் கொப்பி பண்ணிப் போட்டுப் பார்த்தான். குசினி வாசல். ஒரு பெண்ணின் முதுகும் கொண்டையும். அவ்வளவுதான்.

"முகம் தெரியேல்லையே, ஐயா?"

"கதைக்கிறா."

சத்தத்தைக் கூட்டினான். மேளத்துக்கு நடுவில், அந்த முதுகு வீடியோக்காரனிடம் சொன்னது: "என்னை எடுக்காதேங்கோ, சாறியெல்லாம் குழம்பாக் கிடக்கு."

இரண்டாவதாக, முகம் தெரிகிற ஒன்று. பிறகு குழந்தையோடு வருகிறது. பிறகு பந்தியில் யாருக்கோ இரண்டாம் தரம் சோறு போடுகிறது. ஐந்தாவதாக எடுத்ததில், கொப்பி எவ்வளவு ஏறியது என்று காட்டும் பச்சைக் கோடு பாதியில் நின்றது. திரை நீலமாகி, கறுத்தது. அதற்குப் பிறகு அந்த டிக் சத்தமும் வரவில்லை.

றிபாஸ் கழற்றி, பூட்டி, திரும்பவும் கழற்றிப் பார்த்தான். கடைசியில் கையைத் துடைத்தான். வீரகத்தி வெறுந்தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். இருவரும் குடித்து முடித்தார்கள்.

அவன் போன பிறகு அவர் சாரங்காவுக்குத் தொலைபேசி எடுத்தார். கசெற்றுக்காக அந்தப் பிள்ளை எத்தனை பேரிடம் கெஞ்சினாள் என்பது அவருக்குத் தெரியும்.

"பிழை என்ர, பிள்ளை. நான்தான் கழட்டிக் கழட்டி வைச்சனான்."



"திரும்பக் கேட்டுப் பாக்கிறன், சித்தப்பா" என்றாள்.

கேட்டாள். அவளிடமிருந்த கோப்புகள் பழைய கொம்பியூட்டரோடு போய்விட்டிருந்தன. இரண்டு வீடுகளில்தான் கசெற் இன்னும் இருந்தது. இன்னொரு வீட்டில் தாய் இறந்ததும் பிள்ளைகள் எல்லாவற்றையும் குப்பையில் போட்டுவிட்டார்கள்; மற்றவர்கள் வீடு மாறும்போது எறிந்ததாகச் சொன்னார்கள். அந்த இரண்டிலிருந்தும் இரண்டு துண்டுகள் திரும்பக் கிடைத்தன. றிபாஸ் எடுத்த நாலோடு ஆறு; மற்ற ஐந்தும் இல்லை. றிபாஸ் இப்போது முல்லைத்தீவில் சொந்தமாகக் கடை வைத்திருக்கிறான்; அவனுடைய வாப்பா போன வருடம் மௌத்தாகிவிட்டார். சாரங்காவுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்திருக்கிறது. மாதம் ஒருமுறை கதைப்பாள். வீரகத்தி அதே வளவில் தனியாக இருக்கிறார்.