கோலினின் கால்களைப் பிடித்த கைகள்

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: வேறொரு எழுத்துவேலையில் நான் அடித்து நீக்கிய ஒரு வரியிலிருந்துதான் இந்தக் கதை வந்தது. போன வருடம், செமோர் பக்கம் பழைய ரப்பர் தோட்டத்தில் இருக்கும் சபை விடுதியில், கோலின் என்பவன் சியாபு போதையை விட்டான். மருந்து கிடையாது, ஜெபமும் கஞ்சியும்தான். அவன் சாட்சியைச் சபைப் பத்திரிகைக்கு எழுதித்தரச் சொன்னார் பாஸ்டர் கனகராஜ். கோலின் சொல்லச் சொல்ல எழுதினேன்.

[அடித்த வரி: உடம்பு முறுக்கி நான் ஓடப் பார்த்த மூன்று நாளும், சமையல்கார உடையப்பன் அண்ணன், நெற்றியில் திருநீறோடு கால்மாட்டில் உட்கார்ந்து என் கால்களைப் பிடித்துக்கொண்டிருந்தார்.]

[அச்சான வரி: இரண்டு கைகள் என் கால்களைப் பிடித்திருந்தன. பார்த்தேன், யாருமில்லை.]

பாஸ்டர் மாற்றச் சொல்லவில்லை. சபைப் பத்திரிகையில் திருநீறு இடிக்கிறதே என்று நானே முந்திக்கொண்டேன். வரி நன்றாக வந்துவிட்ட பெருமை வேறு.

2

[விடுதியில் அன்று மழை பெய்துகொ— வேண்டாம். நல்ல வெயில்.]

போன மாதம் அங்கே போனேன். ஞாயிறு ஆராதனை முடிந்து சாப்பாடு. உடையப்பன் எங்கே என்று பாஸ்டரைக் கேட்டேன். அப்படி யாரும் இங்கே வேலை செய்ததில்லை என்றார். பொய் சொல்கிற முகமில்லை. பத்து வருடமாகச் சமையலறையில் இருக்கும் ஹில்டா அக்காவும், என்றைக்கும் தான் ஒருத்திதான் சமைப்பதாகச் சொன்னார். நான் அடித்தது ஒரு வரியை மட்டும்தானே.

இன்னும் விடுதியிலேயே இருக்கும் கோலினைக் கேட்டேன். அவன் கால்சட்டையை உயர்த்தினான். இரண்டு கணுக்கால்களிலும் விரல் அழுந்திய குழிகள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கட்டைவிரல் குழி மெல்ல நகர்ந்து, பிடியைச் சரிசெய்துகொண்டது.

"இன்னும் புடிச்சிக்கிட்டுதாண்ணே இருக்கு. அதனாலதான் சியாபு பக்கம் போவாம இருக்கேன்."

உடையப்பன் என்று மறுபடி வாயெடுத்தேன்.

"அந்தப் பேர எங்கயும் எழுதிராதீங்கண்ணே. பேரு வந்துட்டா அவரு மனுசன். மனுசன்னா ஒரு நாளு கைய எடுத்துருவான்லா."

3

முதல் முடிவு: எழுதுவதில்லை. கோலின் தப்பிப்பான். உடையப்பன் சோறு தண்ணீர் இல்லாமல் அந்தக் கால்மாட்டிலேயே குந்தியிருப்பார்.

இரண்டாவது: எழுதுவது. அவர் கையை உதறிக்கொண்டு எழுந்து, ஆயர் தாவார் என்ற ஊரில் இருக்கும் தன் வீட்டுக்குப் போவார். கோலின்—

மூன்றாவது: நானே போய் அந்தக் கால்களைப் பிடித்துக்கொள்வது. [இதை எழுதிவிட்டு எழுந்துபோய் பால் விடாத தே ஓ கலக்கிக் குடித்தேன். செமோருக்குப் போகவில்லை.]

இப்போதுதான் உறைக்கிறது. அந்தப் பெயரை இதில் எத்தனை முறை எழுதிவிட்டேன், நீங்களும் வாசித்துவிட்டீர்கள். உடையப்பன் இந்நேரம் எழுந்திருப்பார். உங்களுக்கு இன்று வேறு வேலை இல்லையென்றால் தயவுசெய்து செமோருக்குப் போங்கள். கோலினின் கால்களைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும்.