செகண்டு மேரேஜு

எல்லப்பன் மெட்ராஸில் ஏதோ ஒரு ஒர்க்‌ஷாப்பில் பல வருஷம் குப்பை கொட்டிவிட்டு ஊர் திரும்பியவர். அங்கிருந்து அவர் கொண்டுவந்த ஒரே சொத்து இங்கிலீஷ். அதிலும் முழு வாக்கியம் ஒன்று கிடையாது. ஃபர்ஸ்ட் கிளாஸ், டபுள் ஓகே, ஹண்ட்ரட் பர்சென்ட் என்று எண்களாகவே பொறுக்கிக்கொண்டு வந்திருந்தார். உத்திரமேரூரில் அக்கா வீட்டுக்கு வந்தால் காபி ஃபர்ஸ்ட் கிளாஸ், வெயில் டபுள், ராத்திரி மழை ஹண்ட்ரட் பர்சென்ட். தம்பி வாயைத் திறந்தாலே தாயாரம்மாளுக்குப் பூரிப்பு. அவள் மகள் உண்ணாமலைக்கோ பற்றிக்கொண்டு வரும்.

அந்த மாமா ஒரு வெள்ளிக்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கியதும் இறங்காததுமாக வரன் சொன்னார்.

"சாலவாக்கத்துல ரைஸ்மில்லு வச்சிக்கினு கீறாரு. பேரு ஜெகநாதன். புல்லட்டு கீது, பம்ப்செட்டு கீது. செகண்டு மேரேஜு, அவ்ளோதான்."

புல்லட், பம்ப்செட், செகண்டு மேரேஜ் என்று அதையும் ஒரு ஆஸ்தியாகவே சேர்த்துச் சொன்னார் மனுஷன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் வாலாஜாபாத் தரகர் ஒருத்தர் 'ரெண்டாந்தாரம்' என்று ஆரம்பித்தபோது தாயாரம்மாள் அவரைத் தெருமுனை வரை திட்டிக்கொண்டே போய் விட்டுவிட்டு வந்தாள். அதே சரக்கு இப்போது பவுடர் பூசி வந்ததும் கேசரிக்கு ரவை வறுக்க உட்கார்ந்துவிட்டாள். அப்பா தேவராஜன் அதற்கும் மேல். நெல் மண்டியில் பார்த்தவர்களிடமெல்லாம் "பொண்ணுக்கு செகண்டு மேரேஜு பேசிக்கினு கீறோம்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். கேட்கிறவர்கள் பெண்ணுக்குத்தான் இது இரண்டாவது கல்யாணம் என்று நினைப்பார்களே என்றுகூட அவருக்கு உறைக்கவில்லை. இங்கிலீஷில் சொன்னால் எல்லாம் கௌரவம்தான்.

உண்ணாமலை மாதர் சங்கத்தில் தையல் டீச்சர். இருபத்தெட்டு வயது முடிந்திருந்தது. கல்யாணமே வேண்டாம் என்கிற பிடிவாதம் அவளிடம் இல்லை. வேண்டும் என்றுதான் இருந்தது. ஆனால் இரண்டாவது என்று ஒன்று இருந்தால் முதலாவது என்று ஒருத்தி இருந்திருக்க வேண்டும். அவள் யார், அவளுக்கு என்ன ஆயிற்று, செத்தாளா, இருக்கிறாளா? இந்த வீட்டில் ஒருத்தருக்கும் அதைக் கேட்கத் தோன்றவில்லை. எண்ணத் தெரியாத கூட்டம் என்று மனசுக்குள் கரித்துக்கொட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாப்பிள்ளை, தன் தங்கை ஏலவார்குழலியைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு புல்லட்டில் வந்து இறங்கினார். தெருவே எட்டிப் பார்த்தது. கேசரி ஃபர்ஸ்ட் கிளாஸ் என்று மாமா சான்றிதழ் கொடுத்தார். தங்கைக்காரி உண்ணாமலையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பொண்ணு எதுனா கேக்கணும்னா கேக்கலாம்" என்றாள். அப்படிச் சொல்வது அப்போது ஒரு ஃபேஷன். நிஜமாகக் கேட்பாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

"செகண்டுன்னு சொன்னாங்க. அப்ப பர்ஸ்ட்டு எங்க கீறாங்க?"

மாப்பிள்ளை கேசரித் தட்டைப் பார்த்தார். தங்கைக்காரி மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை.

"அவளா? ஓரிக்கைல அவங்க அம்மா வூட்ல கீறா. கொயந்த இல்ல, அனுப்சிட்டோம்."

"கோர்ட்டுல தீத்தாச்சா?"

"அதெல்லாம் இன்னாத்துக்கு? அவ கம்முனு கெடப்பா."

"ஹண்ட்ரட் பர்சென்ட் கம்முனு கெடப்பா" என்றார் மாமா, நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர் மாதிரி.

உண்ணாமலை நேராக மாப்பிள்ளையைக் கேட்டாள். "எனக்கும் கொயந்த பொறக்கலன்னா?"

வந்ததிலிருந்து வாய் திறக்காத மனுஷன் அப்போதுதான் பேசினார்.

"அப்ப பாத்துக்கலாம்."

அதுவரை எல்லாரையும் இளக்காரமாகப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு அந்த நிமிஷம் பயம் வந்தது. அவர் கோபத்தில் சொல்லவில்லை. மில்லில் பெல்ட் அறுந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்குப் பதில் சொன்ன மாதிரி நிதானமாகச் சொன்னார். உண்ணாமலை எழுந்து உள்ளே போய்விட்டாள்.

புல்லட் சத்தம் தெருவைத் தாண்டியதும் தேவராஜன் குதிகுதியென்று குதித்தார்.

"வந்த வரனைக் கேள்வி கேட்டே தொரத்திட்டா! நாளைக்கே சாலவாக்கம் போயி, கால்ல வியுந்தாவது முடிச்சிட்டு வரேன். கொயந்த இல்லன்னா ஆம்பள இன்னா பண்ணுவான்? வேற ஒருத்தியப் பாக்கத்தான் செய்வான்!"

"நைனா, நான் கட்டிக்க மாட்டேன்" என்றாள் உண்ணாமலை.

"ஒன்ன யாரு கேட்டா?"

தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த தாயாரம்மாள் கையை நிறுத்தினாள்.

"ஆமா, வேற பாக்கத்தான் செய்வான். நீ பாக்கலியா?"

தேவராஜன் சட்டென்று அடங்கினார். உண்ணாமலைக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மா அவள் பக்கம் திரும்பவே இல்லை. புருஷனைப் பார்த்தே பேசினாள்.

"எனக்கு வயித்துல ஒண்ணும் தங்கலன்னு ஒங்கம்மா மாகறல்ல பொண்ணு பாத்தாங்க. நீயும் புதுச் சட்ட போட்டுக்கினு போயி குந்திட்டு வந்த. டேய் எல்லப்பா, என்னத் தென்னேரிக்கு, நம்ம அம்மா வூட்டுக்கு, இட்டுக்கினு போவ வண்டி கட்டிக்கினு வந்தவன் நீதானடா? வண்டில ஏறச்சொல்லோ வாந்தி எடுத்தேன். அதனால எறக்கி வுட்டீங்க. இவ ஒரு மாசம் கயிச்சி வயித்துல வந்திருந்தா, நானும் இந்நேரம் தென்னேரில ஒரு பர்ஸ்ட்டு. கம்முனு கெடந்திருப்பேன்."

எல்லப்பனிடம் அதற்கு இங்கிலீஷ் இல்லை. தாயாரம்மாள் ஆணியில் மாட்டியிருந்த தம்பியின் பையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"பஸ்ஸு வர நேரம். கெளம்பு."