முன்கூட்டி வந்த கைதட்டல்

தக்கலையில் கைதட்டல்தான் முதலில் வரும், பாட்டு பிறகுதான். தபால்காரர் கொண்டுவந்து கொடுப்பார். வாங்கியவர் நாற்பது நாளுக்குள் ஆள் சேர்த்து, அதற்குத் தகுந்த ஒரு பாட்டைப் போட்டுவிட வேண்டும். முடியாவிட்டால் அது பக்கத்து ஊர் பேண்டுக்குப் போய்விடும்.

விஜிலாவுக்கு வந்தது செருப்புப் பெட்டி அளவில் இருந்தது. அவள் கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கிறவள். கிதார் வாசிப்பாள், ஆனால் நாலு வருஷமாக யாரும் கேட்கிற இடத்தில் வாசித்ததில்லை. பெட்டியில் காதை வைத்துக் கேட்டாள். இருநூறு பேர் இருப்பார்கள். நடுவே ஒரு விசில், யாரோ நாற்காலியைத் தள்ளுகிற சத்தம், அப்புறம் ஒரு பெண்குரல்: “அது என் தங்கச்சியாக்கும்.”

அது அவளுடைய அக்கா ஸ்டெல்லாவின் குரல்.

ஸ்டெல்லாவின் கல்யாண வரவேற்பில் விஜிலா தானே எழுதிய பாட்டு ஒன்றைப் பாடினாள். பதினோரு நிமிஷப் பாட்டு. மாப்பிள்ளை வீட்டார் பாயசம் வருமுன்னே இலையை மடித்துவிட்டு எழுந்து போனார்கள். அன்றைக்கு நின்றது பேச்சு. இருவரும் ஒரே தெருதான். எதிரே வந்தால் ஸ்டெல்லா குடையைச் சாய்த்து முகத்தை மறைத்துக்கொள்வாள், வெயிலும் மழையும் இல்லாத நாளிலும்.

பாட்டு அமையாவிட்டால் அந்தக் குரலும் பெட்டியோடு பக்கத்து ஊருக்குப் போகும். அங்கே பாடுகிற எவளோ ஒருத்தி ஸ்டெல்லாவுக்குத் தங்கையாகிவிடுவாள். இது விளையாட்டுப் பேச்சல்ல. போன வருஷம் கைமாறிய ஒரு கைதட்டலில் “எங்க மாப்ளே” என்று ஒரு குரல் இருந்தது. அதை எடுத்துக்கொண்ட டிரம்மர் இன்றுவரை இரணியலில் ஒரு வீட்டில் மாப்பிள்ளையாக இருக்கிறார். நன்றாகத்தான் வைத்திருக்கிறார்கள் என்று கேள்வி. ஆனாலும் விஜிலா அன்றைக்கே ஆள் தேடக் கிளம்பினாள்.

முதலில் விஜிலாவோடு சேர்த்து ஏழு பேர் ஆனார்கள். ஏழு பேரும் தாங்களே முன்னால் நிற்கவேண்டும் என்றார்கள். இரண்டாவது வாரம் ஐந்து பேர் முறுக்கிக்கொண்டு போய் வேறு பேண்டு தொடங்கினார்கள். கையில் ஒரு கைதட்டல்கூட இல்லாமல் பேண்டு வைத்து என்ன செய்வார்களோ, அது அவர்கள் பாடு. போனவர்களுக்குப் பதிலாக ஜெபின் வந்தான். இன்னொருவன் வந்து ஒரே நாளில் போனான். கடைசியில் நின்றது மூன்று பேர்: விஜிலா, டிரம்ஸுக்குச் சுயம்பு, கீபோர்டுக்கு ஜெபின். சுயம்புவின் ரப்பர் ஷீட் உலர்த்துகிற கொட்டகையில் ஒத்திகை. ஜெபின் சர்ச்சில் வாசிக்கிறவன், எதை வாசித்தாலும் ஜெபம் முடிகிற மாதிரி ஆமென் மெட்டைப் போட்டு முடிப்பான். எவ்வளவு சொல்லியும் திருந்தவில்லை.

மூன்று பாட்டுகள் போட்டார்கள். ஒன்றுகூடப் பொருந்தவில்லை. முப்பத்தோராம் நாள் சுயம்பு பெட்டியில் காதை வைத்துக்கொண்டே சொன்னான்:

“மொதல்ல ரெண்டு பேரு தட்டிட்டு டக்குன்னு நிறுத்துகானுவ, கேட்டியா? பாட்டு முடிஞ்சுட்டுன்னு நெனச்சிருக்கானுவ. முடியல்ல.”

“அப்ப முடிஞ்ச மாதிரி காட்டிட்டு, முடிக்காம நிக்கணும்,” என்றாள் விஜிலா.

அதற்கு ஜெபினின் ஆமென் தோதாக இருந்தது. அதற்குப் பிறகு வரவேண்டிய ஒற்றை வரியை எழுத விஜிலாவுக்கு எட்டு நாள் பிடித்தது. ‘குடையைக் கொஞ்சம் தூக்கு’ என்பதுதான் அந்த வரி.

நாற்பதாம் நாள் மாலை நாலு மணிக்கு வாசித்தார்கள். கேட்க ஆள் யாரும் இல்லை, தேவையும் இல்லை. ஆமென் விழுந்ததும் விஜிலா பெட்டியைத் திறந்தாள். இரண்டு பேர் தட்டினார்கள், வெட்கப்பட்டு நிறுத்திக்கொண்டார்கள். அந்த இடைவெளியில் அவள் வரியைப் பாடி முடித்தாள். கொட்டகைத் தகரம் அதிர இருநூறு பேரும் தட்டினார்கள். விசில் வந்தது, நாற்காலி வந்தது. “அது என் தங்கச்சியாக்கும்” என்றது குரல். விஜிலா சந்தோஷத்தில் விக்கி விக்கி அழுதாள்.

மறுநாள் காலை ஸ்டெல்லா ஒரு டப்பா முந்திரிக்கொத்தோடு கொட்டகைக்கு வந்தாள்.

“வாயால சொல்லியாச்சு, இனி என்ன செய்ய?” என்றாள். “தின்னு பிள்ளே. எலும்பும் தோலுமா இருக்கே.”

தின்றுகொண்டிருக்கும்போதே தபால்காரர் அடுத்ததைக் கொண்டுவந்தார். தீப்பெட்டி அளவுதான். ‘ஒரு நிமிட மௌன அஞ்சலி’ என்று மேலே எழுதி, பேண்டின் பெயர் போட்டிருந்தது. மூவரில் யாருக்கு என்று இல்லை. விஜிலா காதை வைத்தாள். நிறையப் பேர் எழுந்து நிற்பது தெரிந்தது. முடிகிற சமயத்தில் ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள்.

விஜிலா பெட்டியை அக்காவிடம் நீட்டினாள். ஸ்டெல்லா இரண்டு தரம் கேட்டாள்.

“நான்தான்,” என்றாள்.

“வேண்டாம்னா பக்கத்து ஊருக்குக் குடுத்துருவேன்,” என்றார் தபால்காரர்.

“அங்க எதுக்கு?” என்றாள் ஸ்டெல்லா. “எங்க பிள்ளைக்கு வந்தது எங்க வீட்டுலயே இருக்கட்டு.”

விஜிலா கையைத் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.